ஊசி கால் மணி நேரம், கழுத்து ஐந்து இரவு: முடி மாற்று சிகிச்சையில் எனக்கு வலித்தது எங்கே

எனக்கு ஊசி என்றாலே ஆகாது. ரத்தப் பரிசோதனைக்குக்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதனால் முடி மாற்று சிகிச்சைக்குப் போகுமுன் நான் எல்லோரிடமும் கேட்டது ஒரே கேள்விதான்: வலிக்குமா? கிளினிக்கில் "வலியே இருக்காது" என்றார்கள். அது பாதி உண்மை. இப்போது ஐந்து மாதம் ஆகிவிட்டது. மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

நான் செய்துகொண்டது எஃப்.யூ.இ. முறை. பின்தலையிலிருந்து வேர்களை ஒவ்வொன்றாக எடுத்து முன்பக்கம் நடுவார்கள். எனக்கு 2,200 கிராஃப்ட், அதாவது அப்படி வேரோடு எடுத்த சின்ன முடிக்கொத்துகள். காலை 8 மணிக்குப் படுத்தவன் மாலை 4.30க்குத்தான் எழுந்தேன்.

உண்மையான வலி மரத்துப்போக வைக்கும் ஊசியில்தான். இந்தச் சிகிச்சைக்குப் பொதுவாக முழு மயக்கம் கொடுப்பதில்லை. லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தோடு அட்ரினலின் கலந்து தலைத்தோலில் வரிசையாகப் போடுகிறார்கள். அந்த மருந்துக்கு அமிலத்தன்மை உண்டு, எரிச்சலுக்கு அது ஒரு காரணம். என் மருத்துவர் அதில் சோடியம் பைகார்பனேட் சேர்த்து, மெதுவாகத்தான் ஏற்றினார். நர்ஸ் ஒரு சின்ன அதிர்வுக் கருவியை ஊசி இறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அழுத்திப் பிடித்திருந்தார். அந்த நடுக்கம் வலியைக் கொஞ்சம் மறைக்கிறது. அப்படியும் முதல் நான்கைந்து ஊசி சிவப்பெறும்பு வரிசையாகக் கடித்த மாதிரிதான் இருந்தது. அப்புறம் போட்டவை வெறும் அழுத்தமாகவே தெரிந்தன. புருவத்துக்கு மேலே போட்ட ஊசியில் மட்டும் கண்ணில் நீர் வந்துவிட்டது. பின்பக்கம், முன்பக்கம் இரண்டையும் சேர்த்தால் மொத்தம் கால் மணி நேரம் இருக்கும்.

"இப்ப நெஞ்சு கொஞ்சம் படபடக்கும், அட்ரினலின் வேலை அது, பயப்படாதீங்க" என்று மருத்துவர் முன்கூட்டியே சொன்னார். சொன்னபடியே படபடத்து, சில நிமிடத்தில் அடங்கியது. அந்த ஒரு வரியைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேன்.

வேர் எடுக்கும்போது வலி துளியும் இல்லை. சத்தம்தான் கேட்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத முனை தோலில் இறங்கும்போது மண்டைக்குள் நறநறவென்கிறது. மூன்று மணி நேரம் குப்புறப் படுத்து, முகத்தைப் படுக்கையின் ஓட்டைக்குள் வைத்துக்கொண்டிருந்ததில் மூக்கு அடைத்தது, தாடை கடுத்தது. நர்ஸ் அவ்வப்போது வந்து கை காலை அசைக்கச் சொல்லி, நெஞ்சுக்கடியில் இருந்த தலையணையைச் சரிசெய்தார். அவர் இல்லையென்றால் அந்த மூன்று மணி நேரம் என்னால் முடிந்திருக்காது.

என் ஒரே கோபம் மதிய இடைவேளைக்குப் பிறகு நடந்ததில். நடும்போது இடது நெற்றிப்பொட்டுப் பக்கம் மரப்பு விட்டுப்போய், ஒவ்வொரு கிராஃப்டும் சுருக்கென்று தெரிய ஆரம்பித்தது. சொன்னேன். "இன்னும் கொஞ்சம்தான் சார், பொறுத்துக்கோங்க" என்றார் டெக்னீஷியன். இருபது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். உள்ளே வந்த மருத்துவர் என் இறுகிய கையைப் பார்த்துவிட்டு உடனே இன்னொரு ஊசி போட்டார். பாதி மரத்த இடம் என்பதால் அது வலிக்கவே இல்லை. அப்படியென்றால் அந்த இருபது நிமிடம் யாருக்காக? நோயாளி விறைத்துக் கிடந்தால் ரத்த அழுத்தம் ஏறும், கசிவு கூடும், நடுகிற வேலையும் கெடும். தயவுசெய்து பொறுத்துக்கொள்ளாதீர்கள். வாயைத் திறந்து கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு வலி குறைவு, அவஸ்தை அதிகம். பின்தலை சிராய்த்த முழங்கால் மாதிரி காந்தியது. மருத்துவர் சொன்னபடி பாராசிட்டமால் போட்டேன், மூன்றாம் நாள் அதுவும் தேவைப்படவில்லை. தூக்கம்தான் போயிற்று. நட்ட இடம் எதிலும் உரசாமல், தலையை 45 டிகிரி உயர்த்தி, மல்லாந்தே ஐந்து இரவு. கழுத்தைச் சுற்றிப் போடும் பயணத் தலையணையை இரண்டாம் நாள்தான் வாங்கினேன். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை நெற்றி வீங்கி, நான்காம் நாள் வீக்கம் கண்ணிமை வரை இறங்கியது. வலி இல்லை, ஆனால் கண்ணாடியில் பார்க்கப் பயமாக இருந்தது. தலையில் ஏற்றிய மருந்து நீர் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான் என்று இரவு பத்து மணிக்குப் போனில் விளக்கினார்கள். நட்ட இடத்தைத் தொடாமல் நெற்றியில் மட்டும் ஐஸ் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்கள். ஆறாம் நாள் வடிந்தது. இதைக் கையில் கொடுத்த தாளிலேயே நாலு வரி எழுதியிருக்கலாமே.

அரிப்பை யாரும் சொல்லவே இல்லை. ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை அதுதான் வலியைவிடக் கொடுமை. சொறியக் கூடாது. சலைன் (உப்புநீர்) ஸ்ப்ரே அடித்தால் கொஞ்ச நேரம் அடங்கும். பத்தாம் நாள் ஷாம்பு நுரையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, விரல் நுனியால் தடவியபோது பொருக்குகள் உதிர்ந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி முடி ஒட்டியிருந்தது! எல்லாம் போயிற்று என்று கை நடுங்கிவிட்டது. போவது முடித்தண்டுதான், வேர் உள்ளேயே இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது.

உச்சியில் மரப்பு மூன்று மாதம் இருந்தது. சீப்பு போனால் வேறு யாருடைய தலையையோ வாருவது போல் இருக்கும். இப்போது உணர்வு வந்துவிட்டது, மெல்லிய புதுமுடியும் தெரிகிறது. முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும் என்கிறார்கள்.

மருத்துவர் கைக்கும் அந்த நர்ஸுக்கும் முழு மதிப்பெண். விவரம் சொல்வதில் பாதிதான் கொடுப்பேன். அடுத்த மாதம் என் தம்பி அதே கிளினிக்குக்குப் போகிறான். மரப்பு விட்டால் உடனே கையைத் தூக்கு, தலைவழியாக மாட்டாத பொத்தான் சட்டையாகப் போட்டுக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறேன். கழுத்துத் தலையணையை இப்போதே அவனிடம் கொடுத்துவிட்டேன்.