ஒரே வேப்புக்கு நான்கு வாசல்: எந்த அனுமதி எதைக் கேட்கிறது?

நிகோட்டின் கலந்த திரவம், அதைச் சூடாக்கும் கம்பிச்சுருள், ஒரு பேட்டரி. வேப் எனப்படும் மின்-சிகரெட் என்பது அநேகமாக இவ்வளவுதான். இதைச் சட்டப்படி விற்க ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வழி, அமெரிக்காவில் வேறொரு வழி, பிரிட்டனில் மருந்து என்று கூடுதலாக ஒரு வழி, ஆஸ்திரேலியாவில் இன்னொரு வழி. (இந்தியா 2019இல் சட்டம் போட்டு விற்பனையையே தடை செய்துவிட்டதால் அது இந்த ஒப்பீட்டுக்குள் வராது.) இந்த வழிகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் காலத்தையும் செலவையும்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால், அரசு என்ன கேள்வி கேட்கிறது என்று பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் கேட்பது: இந்தப் பொருள் எப்படி இருக்கிறது? 2014இல் வந்த புகையிலைப் பொருள் உத்தரவு 2016 மே 20 முதல் அமலுக்கு வந்தது. அதன் 20ஆவது பிரிவு மின்-சிகரெட்டுக்கானது. கண்டிப்பாகச் சொன்னால் இது அனுமதியே அல்ல, முன்னறிவிப்பு. விற்பனை தொடங்குவதற்கு 6 மாதம் முன்பே அந்தந்த நாட்டு அதிகாரிகளிடம் விவரம் கொடுக்க வேண்டும்: என்னென்ன கலந்திருக்கிறது, சூடாகும்போது என்னென்ன வெளிவருகிறது, நச்சுத்தன்மைத் தரவு, எப்படித் தயாராகிறது, தரத்துக்கும் பாதுகாப்புக்கும் முழுப் பொறுப்பு எங்களுடையதே என்ற உறுதிமொழி. எல்லைகளைச் சட்டமே போட்டுவிட்டது. நிகோட்டின் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மறுநிரப்புப் புட்டி 10 மில்லிலிட்டருக்குள், கருவியின் தொட்டி 2 மில்லிலிட்டருக்குள் இருக்க வேண்டும். இவற்றுக்கு உட்பட்டு, தாள்களும் சரியாக இருந்தால் 6 மாதம் கழித்து விற்கலாம். ‘சரி’ என்று முத்திரை குத்தித் தரப்போகிறவர் யாரும் இல்லை.

தயாரிப்பாளருக்கு இதில் பெரிய நிம்மதி, விதி முன்கூட்டியே தெரியும் என்பது. வடிவமைப்பு மேசையில் உட்காரும்போதே எந்த எண்ணுக்குள் நிற்க வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் தாளில் எழுதியதும் கடையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்கிற வேலை முழுக்க விற்பனைக்குப் பிறகு வருகிறது. இதே விதிகளை உள்நாட்டுச் சட்டமாக வைத்திருக்கும் பிரிட்டனில், 2023 பிப்ரவரியில் எல்ஃப் பார் 600 என்ற, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்புகள் சிலவற்றில் 2 மில்லிலிட்டருக்கு அதிகமாகத் திரவம் இருப்பது வெளிப்பட்டது. பெரிய பல்பொருள் அங்காடிகள் அவற்றை அடுக்கிலிருந்து எடுத்தன. அதைக் கண்டுபிடித்தது அதிகாரிகள் அல்ல, ஒரு நாளிதழ் செய்வித்த சோதனை. முன்னறிவிப்பு முறையின் பலவீனத்தைக் காட்ட இந்த ஒரு சம்பவம் போதும்.

இன்னொன்றும் உண்டு. ஒன்றியம் முழுக்க ஒரே விதி என்று நம்பிக் களத்தில் இறங்குகிறவர் ஏமாறுவார். திரவத்தில் சேர்க்கும் மணங்களைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை உறுப்பு நாடுகளிடம் இருக்கிறது. நெதர்லாந்து புகையிலை தவிர்த்த மணங்களை நிறுத்தியது. பெல்ஜியம் 2025 ஜனவரி 1 முதல் ஒருமுறை வேப்புகளைத் தடை செய்தது.

அமெரிக்கா கேட்கும் கேள்வி முற்றிலும் வேறு: இந்தப் பொருள் சந்தைக்கு வந்தால் மக்கள்தொகைக்கு என்ன ஆகும்? 2009இன் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வுக்கு இந்த அதிகாரத்தைத் தந்தது. மின்-சிகரெட் 2016 ஆகஸ்டில் அதன் கீழ் வந்தது. ‘பொதுச் சுகாதாரத்தைக் காப்பதற்கு ஏற்றது’ என்று விண்ணப்பதாரர் நிரூபிக்க வேண்டும். பொருள் தரமானது என்று காட்டினால் மட்டும் போதாது. புகைப்பவர்கள் இதற்கு மாறி சிகரெட்டை விடுவார்களா, இதுவரை எதையும் தொடாத பதின்வயதினர் இதனால் தொடங்குவார்களா என்ற இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிரே வைத்து நிறுக்கிறார்கள். இங்கே இரசாயனப் பகுப்பாய்வு சுலபமான பகுதி. மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு ஆதாரம் திரட்டுவதுதான் சிறு நிறுவனத்தை முறித்துவிடுகிறது. மின்-சிகரெட் விண்ணப்பத்துக்கென்று எஃப்.டி.ஏ. கட்டணம் வாங்குவதில்லை, செலவெல்லாம் ஆய்வுகளில்தான்.

சட்டத்தில் பரிசீலனைக்குக் குறித்த காலம் 180 நாள். நடந்தது வேறு. ஏற்கெனவே கடைகளில் இருந்த பொருள்களுக்கு விண்ணப்பிக்க 2020 செப்டம்பர் 9 கடைசி நாள். அதற்குள் 65 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. ஒவ்வொரு மணமும், நிகோட்டினின் ஒவ்வொரு அளவும் தனித்தனிப் பொருளாகக் கணக்கில் வந்ததன் விளைவு அது. மின்-சிகரெட்டுக்கு முதல் ஒப்புதல் 2021 அக்டோபர் 12 அன்று வூஸ் சோலோ என்ற கருவிக்குக் கிடைத்தது, அதுவும் புகையிலை மணத்துக்கு. மெந்தால் மணத்துக்கு முதல் ஒப்புதல் வர 2024 ஜூன் ஆகிவிட்டது. மின்-சிகரெட் தயாரிக்கும் ஜூல் நிறுவனம் 2022 ஜூனில் மறுப்பு வாங்கி, அந்த மறுப்பு நிறுத்திவைக்கப்பட்டு, 2025 ஜூலையில்தான் ஒப்புதலைப் பார்த்தது. அத்தனை லட்சம் விண்ணப்பங்களில் அதுவரை தேறிய மின்-சிகரெட்டுகள் 40ஐக்கூட எட்டவில்லை.

விதியை நடுவழியில் மாற்றிவிட்டார்கள் என்று, மறுப்பு வாங்கிய மணமூட்டிய திரவத் தயாரிப்பாளர்கள் வழக்கும் போட்டார்கள். 2025 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக எஃப்.டி.ஏ.வின் அந்த மறுப்புகளில் அத்தகைய தவறு இல்லை என்றது. ஒரு கேள்வியை மட்டும் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. சட்டப்படி அதுதான் சரியாக இருக்கலாம். ஆனாலும் தேர்வு எழுதி முடித்த பிறகு பாடத்திட்டம் தெளிவாவதுபோல் இருந்தது என்ற அவர்களது மனக்குறையை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

இத்தனை இறுக்கமான வாசலுக்குப் பக்கத்திலேயே வேலி இல்லாத வெளி கிடந்தது. ஒப்புதலே இல்லாத, பழ மணம் வீசும், ஒருமுறை வேப்புகள் அமெரிக்கக் கடைகளை நிறைத்தன. எச்சரிக்கைக் கடிதம், பறிமுதல் எல்லாம் பின்னாலேயே ஓடின. அங்கே விண்ணப்பித்துக் காத்திருந்தவர்தான் நட்டப்பட்டார். முன் அனுமதி முறையின் தரத்தை விண்ணப்பத்தின் பக்கக் கணக்கை வைத்து அளக்க முடியாது; அனுமதி இல்லாதவரை நிறுத்த முடிகிறதா என்பதை வைத்துத்தான் அளக்க முடியும்.

பிரிட்டனின் மருந்து உரிமம் மூன்றாவது கேள்வியைக் கேட்கிறது: நோயாளிக்குப் பலன் உண்டா? மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ. இ-வோக் என்ற மின்-சிகரெட்டுக்கு 2015இல் உரிமம் கொடுத்தது. மருத்துவர் சீட்டில் எழுதித் தரக்கூடிய தகுதி, சுகாதாரத் துறையின் மதிப்பு, எல்லாம் கைக்கு வந்த பிறகும் அது சந்தைக்கு வரவே இல்லை. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. மருந்துத் தரத்தில் உற்பத்தி செய்து தொகுதிக்குத் தொகுதி ஒரே அளவு தர வேண்டும். பக்கத்துக் கடையிலோ முன்னறிவிப்பு மட்டும் கொடுத்த பொருள் விற்றுக்கொண்டிருக்கிறது. சுலபமான வழி திறந்திருக்கும்வரை கடினமான வழியில் வியாபாரி போகமாட்டார்.

ஆஸ்திரேலியா அந்தச் சுலபமான வழியை மூடிப் பார்த்தது. 2024 ஜூலை 1 முதல் வேப் மருந்தகத்தில் மட்டுமே. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல், மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருந்தால், மாநிலச் சட்டம் இடம் தருமிடத்தில், வயது வந்தவருக்கு மருத்துவர் சீட்டில்லாமல் மருந்தாளுநரே தரலாம். மணம் என்றால் புதினா, மெந்தால், புகையிலை மட்டுமே. இதில் வேடிக்கை, மருந்தகத்தில் விற்றாலும் அந்தப் பொருளின் பலனை அரசு மதிப்பிட்டு ஒப்புக்கொண்டதாக அர்த்தம் இல்லை. குறித்த தரத்துக்கு உட்பட்டது என்று விற்பனைக்குக் கொண்டுவருபவர் அறிவித்தால் பட்டியலில் சேரும். உள்ளுக்குள் ஐரோப்பிய பாணி முன்னறிவிப்பு, வெளியே மருந்தகத்தின் பூட்டு.

எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று கேட்டால், இந்த வகைப் பொருளுக்கு முன்னறிவிப்பு முறையின் பக்கம் சாய்வேன், ஒரு நிபந்தனையோடு: மிச்சமாகும் பணத்தையும் ஆள்களையும் கடையிலிருந்து பொருளை எடுத்துச் சோதிக்கிற வேலையில் இறக்க வேண்டும். பதின்வயதினர் பற்றிய அமெரிக்கக் கேள்விதான் நான்கிலும் நேர்மையான கேள்வி என்பதையும் மறுக்கமாட்டேன். அதைத் தனித்தனிப் பொருளிடம் கேட்பதைவிட மணம், விளம்பரம், விற்கும் இடம் பற்றிய பொது விதியாக எழுதிவிடலாம் என்பதுதான் என் கட்சி.

இந்தச் சாய்வுக்கு முக்கியக் காரணம், அதிகம் பேசப்படாத ஒன்று: ஒப்புதலுக்குப் பிறகு செய்கிற மாற்றம். ஒரு தயாரிப்பாளர் தன் கருவியின் பேட்டரியைச் சூடாகாத நல்ல ரகமாக மாற்ற நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கச் சட்டப்படி எந்த மாற்றமும் அதைப் புதிய பொருளாக்கும், அதை விற்கப் புதிதாக ஒப்புதல் வேண்டும். ஐரோப்பாவில் கணிசமான மாற்றம் என்றால் புதிய முன்னறிவிப்பும் 6 மாதக் காத்திருப்பும் போதும். முதலாவதில் அவர் பழைய பேட்டரியையே வைத்துக்கொண்டு விற்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.