ஹேண்டலா, ராமோவா? முதல் பரோக் ஓபராவுக்கு டிக்கெட் எடுக்கும் முன்

17, 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பரோக் காலத்து இசை நாடகம்தான் பரோக் ஓபரா. இசையமைப்பாளர்கள் ஹேண்டல், ராமோ இருவர் எழுதியதற்கும் அந்தப் பெயர்தான். ஆனால் ஹேண்டல் லண்டனுக்காக எழுதிய இத்தாலிய ஓபராவும் ராமோ பாரிஸுக்காக எழுதிய பிரெஞ்சு ஓபராவும் மேடையில் அறவே வேறு. 1724-இல் அரங்கேறிய ‘ஜூலியோ சேசரே’யையும் 1733-இல் அரங்கேறிய ‘இப்பொலீத் எ அரிசி’யையும் எடுத்துக்கொள்வோம்.

ஹேண்டலிடம் தனிக்குரல்தான் ராஜா. கதை நகர்வதெல்லாம் ரெசிட்டேட்டிவில். ஹார்ப்சிகார்ட் என்ற விசைப்பலகை வாத்தியமும் செல்லோவும் தொட்டுக்கொடுக்க, பாத்திரங்கள் பேச்சு வேகத்தில் பாடிக்கொண்டு போவார்கள். பிறகு கதை நிற்கும், ஒருவர் ஆரியா என்ற தனிப்பாட்டைப் பாடுவார். முதல் பகுதி, மனநிலை மாறும் சிறிய நடுப்பகுதி, மறுபடி முதல் பகுதி. அது திரும்பி வரும்போது பாடகர் தன் சொந்தச் சங்கதிகளைப் போடுவார். ஆரியாவின் உயிரே அங்கேதான். வரிகள் திரும்ப வருவதால் மேலே ஓடும் மொழிபெயர்ப்புத் திரை அப்போது பெரும்பாலும் காலியாக இருக்கும். பழுது என்று நினைத்துவிட வேண்டாம், பாடகரைப் பாருங்கள். ஆரியா முடிந்ததும் கைதட்டலாம்.

‘ஜூலியோ சேசரே’யின் நாயகன் ஜூலியஸ் சீசர் வாயைத் திறந்ததும் உச்சக் குரல் கேட்டுப் புதியவர்கள் திகைப்பார்கள். அந்தப் பாத்திரம் செனசினோ என்ற காஸ்த்ராத்தோ (உச்சக் குரல் மாறாதிருக்கச் சிறுவயதிலேயே விதையகற்றப்பட்ட ஆண்) பாடகருக்காக எழுதப்பட்டது. இன்று உச்சக் குரலில் பாடும் கவுன்டர்டெனர் ஆணோ இடைநிலைக் குரலான மெஸ்ஸோ பெண்ணோ பாடுகிறார்கள். முதல் அங்கத்தில் ‘வா தாச்சிதோ’ ஆரியாவைத் தவறவிடாதீர்கள். சத்தமின்றிப் பதுங்கிச் செல்லும் வேடனைப் பற்றிய பாட்டு. சீசரோடு ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவி ஒன்று கூடவே நடக்கும். அக்காலத்து ஹார்னுக்கு வால்வு கிடையாது, உதட்டால்தான் சுரம் பிடிக்க வேண்டும். ஓரிரு சுரம் பிசகினால் அதற்காக வாசிப்பவரைக் குறை சொல்ல முடியாது.

ராமோவிடம் இப்படித் தனித்தனிப் பாட்டுகளுக்காகக் காத்திருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். முன்னுரைக் காட்சி, பிறகு ஐந்து அங்கங்கள். அங்கத்துக்கு அங்கம் கோரஸும் நடனமும் உண்டு. ரெசிட்டேட்டிவும் பாட்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும், தாளம் பிரெஞ்சுச் சொல்லைத் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும். அதனால் கதையைப் படித்துக்கொண்டு போவது இங்கே கட்டாயம். நாயகனுக்கு ஓட்-கோந்த்ர் என்ற குரல், அதாவது டெனர் என்ற ஆண் குரலிலேயே உயர்ந்த வகை. பிரெஞ்சு மேடை காஸ்த்ராத்தோவை நாயகனாக ஏற்கவில்லை. பாதாள உலகக் காட்சியில் விதி தேவதைகள் மூவர் பாடும் இரண்டாம் பாட்டு, பாட முடியாத அளவுக்குக் கடினம் என்று 1733-இல் கைவிடப்பட்டது. இன்று அதைப் பாடுகிறார்கள், அதைக் கேட்பதற்கென்றே போகலாம்.

சுருதியிலும் வித்தியாசம் உண்டு. அக்கால வாத்தியங்களை வாசிக்கும் இன்றைய குழுக்கள் ஹேண்டலுக்கு ‘ஏ’ (A) சுரத்தைப் பெரும்பாலும் 415 ஹெர்ட்ஸில் வைப்பார்கள், இன்றைய 440-ஐ விட அரைக் கட்டை குறைவு. பிரெஞ்சு ஓபராவுக்கு 392 வரை, ஒரு கட்டையே இறங்கும். குடல் தந்திகள் ஈரப்பதத்தில் சுருதி விலகும் என்பதால் இடையிடையே சுருதி சேர்ப்பார்கள். மேடைக்கு முன்னுள்ள வாத்தியக் குழியிலிருந்து நீண்ட கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பது தியோர்போ என்ற மீட்டும் தந்தி வாத்தியம். ஹார்ப்சிகார்டும் அதுவும் மெல்லிய ஓசை உடையவை. 2,000 பேர் அமரும் அரங்கின் கடைசி வரிசைக்கு அவை சரியாக எட்டாது. சிறிய அரங்கைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் முறை என்றால் எங்கள் வாக்கு ஹேண்டலுக்கு. அரை மணி நேரத்தில் அமைப்பு பிடிபட்டுவிடும். வெட்டாமல் நடத்தினால் இடைவேளையோடு நான்கு மணி நேரத்தைத் தாண்டும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நடனத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் ராமோவுக்கே போகலாம். ஆனால் கச்சேரி வடிவமா, முழு மேடையேற்றமா என்று முதலில் பாருங்கள். கச்சேரி வடிவில் இசை மட்டுமே இருக்கும், ஆட்டக்காரர்கள் வரமாட்டார்கள். இரண்டும் நீளம் என்று தோன்றினால் ஆங்கிலேய இசையமைப்பாளர் பர்ஸெலின் ‘டைடோ அண்ட் ஈனியஸ்’ இருக்கிறது: ஆங்கிலத்தில், ஏறக்குறைய ஒரே மணி நேரம்.