தி அட்லஸ் சிக்ஸ்: ஆறு பேருக்கு ஐந்து இடம்

கேஎல்சிசி கினோகுனியா புத்தகக் கடையில் அக்கா மகள் என் கையில் திணித்த நாவல் இது. ஓலிவி பிளேக் 2020இல் தாமே வெளியிட்டது. டிக்டாக் வாசகர்கள் கொண்டாடிய பிறகு 2022இல் டோர் பதிப்பகம் திருத்தி வெளியிட்டது.

பழங்கால எகிப்தின் அலெக்ஸாண்டிரியா நூலகம் அழியவில்லை, ஒரு ரகசியச் சங்கம் அதைக் காத்து வருகிறது என்பதுதான் கதையின் அடித்தளம். பத்தாண்டுக்கு ஒருமுறை ஆறு இளம் மந்திரவாதிகளை அழைப்பார்கள். உறுப்பினராவது ஐவர் மட்டுமே.

நான் படிவம் ஆறு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். லிபி ரோட்ஸும் நிகோ டி வரோனாவும் வரும் பக்கங்களில் கேலனா ஜெயா ரயிலில் இறங்க வேண்டிய நிறுத்தத்தையே மறந்தேன். விசையையும் ஆற்றலையும் ஆளும் இருவர். ஒரே பல்கலைக்கழகத்தில் முதலிடத்துக்கு மல்லுக்கட்டியவர்கள். ஒருவர் வாயைத் திறந்தாலே மற்றவருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்படிப்பட்டவர்கள் அறுவரில் இன்னொருத்தியான ரெய்னாவின் சக்தியையும் சேர்த்துக்கொண்டு, சங்கத்தின் மாளிகைக்குள்ளேயே ஒரு வார்ம்ஹோல், அதாவது இரு இடங்களை இணைக்கும் குறுக்குவழி, திறக்கும் இடம் அபாரம். கணக்கைப் பாதியில் ஒருவர் விட, மற்றவர் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார். என் வகுப்பிலும் இதைப் பார்க்கிறேன்: முதலிடத்துக்குப் போட்டியிடும் இருவரில் ஒருத்தி விடுப்பு எடுத்தால் அன்று மற்றவனும் மந்தமாகிவிடுவான். போட்டியாளரைவிட நம்மை நன்றாக அறிந்தவர் யார் என்பதை ஆசிரியர் ஆழமாகப் புரிந்து எழுதியிருக்கிறார்.

ரெய்னா மோரியும் மனதில் நிற்கிறாள். செடிகொடிகள் ஓயாமல் அழைக்க, அவளோ புத்தகத்தைவிட்டு நிமிர மறுக்கிறாள்.

குறை என்றால் நூலகம்தான். உலகம் தொலைத்த ஏடுகளெல்லாம் அங்கே இருக்கின்றன என்கிறார்கள். எனக்கு அவற்றைத் திறந்து பார்க்க ஆசை. கதையோ வரவேற்பறையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் எடைபோடும் பேச்சிலேயே நேரத்தைக் கழிக்கிறது. அறுவரில் கேலமும் டிரிஸ்டனும் பேசும் அத்தியாயங்களில் பாதியைக் குறைத்திருக்கலாம். அந்த இடத்தில் ஒரே ஒரு பழஞ்சுவடியையாவது விரித்துக் காட்டியிருந்தால் இவர்கள் எதற்காக இத்தனை பாடுபடுகிறார்கள் என்பது உறைத்திருக்கும்.

படிவம் ஆறு பிள்ளைகளுக்கு இதைத் தாராளமாகக் கொடுப்பேன். அதற்குக் கீழே வேண்டாம். ஆறாமவளான பாரிசா வரும் சில பக்கங்கள் பெரியவர்களுக்கானவை. கதை இந்தப் பாகத்தோடு முடிவதில்லை, பெரிய முடிச்சு ஒன்று அவிழாமலே நிற்கிறது. அடுத்த இரண்டு பாகங்களும் 2022லும் 2024லும் வந்துவிட்டதால், இரண்டாவதையும் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.