காதில் ஒட்டிய போனா, ஒயர் இயர்போனா?

அம்மா போனைக் காதில் அழுத்தி அரை மணி நேரம் பேசுவார். காது சுட்ட பிறகுதான் வைப்பார். அந்தச் சூடு பெரும்பாலும் போனின் சூடு, அது வேறு கதை. போன் அனுப்பும் ரேடியோ அலைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் 2பி பிரிவில் வைத்தது. அதாவது புற்றுநோய் வரலாம் என்ற சந்தேகம் உண்டு, நிரூபணம் இல்லை. போன் அலையை உடல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதன் அளவு எஸ்ஏஆர். இந்தியாவில் அதன் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், பல போன்களில் *#07# அடித்தால் அளவு தெரியும்.

ஒயர் இயர்போனில் பேசினால் போன் ஒரு முழம் தள்ளிப் போய்விடும், தலைக்கு வரும் அலை வெகுவாகக் குறையும். சரி, போனைச் சட்டைப்பையில் போட்டால்? நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்துவிடும், மேசையில் வையுங்கள். சிக்னல் ஒரே கோடாக இருக்கும் இடத்தில் போன் அதிக சக்தியில் அலையை அனுப்பும். அங்கே எனக்கு இயர்போன்தான். இரண்டு நிமிடப் பேச்சுக்கெல்லாம் ஒயர் சிக்கைப் பிரித்துக்கொண்டு நிற்க மாட்டேன்.