கியோ யூசனா, காகா யூசனா?

பூப்போட்ட பட்டுக் கிமோனோ வாங்கப் போகிறவர்கள் கடைசியில் திணறுவது இந்த இரண்டுக்கு நடுவில்தான். யூசன் என்பது துணியில் சாயம் தீட்டும் ஜப்பானிய முறை; கியோ என்றால் கியோட்டோ பாணி, காகா என்றால் கனசாவா நகரத்துப் பாணி. இரண்டிலும் அரிசிப்பசையால் கோடு இழுத்து, சாயம் ஒன்றோடொன்று கலக்காமல் பூக்களுக்கு வண்ணம் தீட்டுவார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கியோட்டோவில் விசிறிகளில் ஓவியம் வரைந்த மியாசாகி யூசன்சாயின் பெயரே இரண்டுக்கும் நிலைத்தது.

நிறம்:
கியோ – வெளிர், பளிச் எல்லாம் உண்டு. கூடவே தங்கத்தாள், பூத்தையல்.
காகா – அவுரி நீலம், கருஞ்சிவப்பு, காவி மஞ்சள், புல்பச்சை, பழைய ஊதா என ஐந்து நிறங்களே அடிப்படை. ஜப்பானின் தங்கத்தாள் ஏறக்குறைய முழுவதும் தயாராகும் கனசாவாதான் இதன் ஊர். ஆனாலும் துணியில் தங்கம் அரிது!

பூ:
கியோ – அழகுக்காகச் சீராக்கிய பூ, நிறம் பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வெளிறும்.
காகா – தோட்டத்தில் பார்த்த பூ, நிறம் விளிம்பிலிருந்து உள்ளே வெளிறும். இலையில் பூச்சி அரித்த புள்ளியைக்கூட விடாமல் வரைவார்கள். எனக்கு இதன்மேல்தான் மயக்கம்.

விலை:
கியோ – அச்சுத்தகட்டில் சாயமிட்டது மலிவு, கைவேலை என்றால் விலை எக்கச்சக்கம்.
காகா – கைவேலை என்றால் வரைந்தவரின் முத்திரை இருக்கும், மலிவை எதிர்பார்க்காதீர்கள்.

பராமரிப்பு: வெயில் இரண்டுக்கும் ஆகாது. தங்கத்தாள் மடிப்பில் உரியலாம் என்பதால் கியோவுக்குக் கவனம் கூடுதல்.

கல்யாணம், இருபது வயது விழா என்றால் கியோ. தேநீர் விருந்துக்கு, அருகில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு, காகா.