நைட் ஷிஃப்ட்: ஒரே தூக்கமா, பிரித்துத் தூங்குவதா?

சென்னைக்குப் பக்கத்தில் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடம் பக்கம் நைட் ஷிஃப்ட் முடித்து காலை ஏழு மணி கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்புகிறவர்களிடம் இரண்டு கட்சி உண்டு. வந்ததும் படுத்து மதியம் மூன்று வரை ஒரே மூச்சில் தூங்குகிறவர்கள் ஒரு பக்கம். காலையில் நாலு மணி நேரம், அப்புறம் கிளம்பும் முன் மாலையில் இரண்டு மணி நேரம் என்று பிரிப்பவர்கள் இன்னொரு பக்கம்.

ஒரே தூக்கம்தான் நல்லது, அது நடந்தால். காலை வெயில் கண்ணில் பட்டாலே தூக்கத்துக்கான மெலடோனின் குறைந்துவிடும், பத்து மணிக்கு சிலிண்டர்காரர் காலிங் பெல் அடிப்பார், மாடி வீட்டில் மிக்ஸி ஓடும். வரும் வழியில் கூலிங் கிளாஸ், அறையில் கனமான திரை, இரண்டும் இல்லாமல் முயல வேண்டாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பிரிப்பதுதான் சாத்தியம். விடிகாலை நாலு மணிக்குக் கண் சொக்குவதும் குறையும்.

எடை விஷயத்தில்தான் பிரிப்பவர்கள் மாட்டுகிறார்கள். நடுவில் எழுந்ததும் முழுச் சாப்பாடு, கேன்டீனில் இரவு இரண்டு மணிக்குப் பரோட்டா, வீடு வந்ததும் பொங்கல்! இரவில் சர்க்கரையை உடம்பு சரியாகக் கையாளாது. பெரிய சாப்பாட்டைக் கிளம்பும் முன் முடித்துவிட்டால் நடுராத்திரிக்குச் சுண்டலோ அவித்த முட்டையோ போதும். எந்தக் கட்சியானாலும் சரி, இரவு இரண்டு மணிக்கு மேல் டீ வேண்டாம்.