விஎம் மெயின்டனன்ஸ்: தானாக நகரட்டுமா, நேரம் குறித்து நிறுத்தலாமா, புதிதாக மாற்றிவிடலாமா?

கிளவுடில் ஓடும் விஎம்களுக்கு (ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் உருவாக்கிய விர்ச்சுவல் மெஷின்கள்) மெயின்டனன்ஸ் என்று வந்தால் மூன்று வழிதான் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை கிளவுட் கம்பெனியே சத்தமில்லாமல் வேறு ஹோஸ்டுக்கு, அதாவது விஎம்களைச் சுமக்கும் வேறு நிஜக் கம்ப்யூட்டருக்கு, நகர்த்திவிடுவது ஒன்று. இன்ன தேதி, இன்ன நேரம் ரீபூட் ஆகும் என்று அவர்கள் சொல்லிவிட, அதற்குள் நாம் ஏற்பாடு செய்துகொள்வது இரண்டாவது. பழைய மெஷினைத் தொடாமல் பக்கத்தில் புதிதாக ஒன்றை எழுப்பி, டிராஃபிக்கைத் திருப்பிவிட்டு, பழையதை அழித்துவிடுவது மூன்றாவது. பெங்களூரில் நான் பார்த்த பல டீம்களில் இந்த விவாதம் 'எந்த கிளவுடில் டவுன்டைம் கம்மி' என்று ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது, அந்த நேரத்தை யார் குறிக்கிறார்கள், நமக்கு எவ்வளவு முன்னால் தெரியும் என்பதைத்தான். நாளைக்குக் காலை பத்து மணிக்குக் கரன்ட் போகும் என்று பெங்களூர் மின்வாரியமான பெஸ்காம் சொல்லிவிட்டால் இன்றைக்கே தண்ணீர் ஏற்றி, லேப்டாப்பை சார்ஜ் போட்டு வைத்துவிடுகிறோம். சொல்லாமல் ஐந்து நிமிடம் போனால்தான் மீட்டிங் நடுவில் மாட்டிக்கொள்கிறோம்.

முதல் வழி, லைவ் மைகிரேஷன். விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மெமரியைப் புது ஹோஸ்டுக்கு காப்பி செய்வார்கள். காப்பி ஆகும் நேரத்தில் மாறிய மெமரிப் பக்கங்களை மறுபடி காப்பி செய்வார்கள், அப்படியே திரும்பத் திரும்பச் செய்து மிச்சம் ரொம்பக் குறைந்த பிறகு விஎம்மை ஒரு கணம் நிறுத்தி, மீதியையும் கொண்டுபோய், அங்கே ஓடவிடுவார்கள். கூகுள் கம்ப்யூட் எஞ்சினில் பெரும்பாலான விஎம்களுக்கு இதுதான் டிஃபால்ட். இதன் அருமை தெரிய வேண்டுமானால் 2018 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்த சமயம். மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடான அஷூரில் ஜனவரி 10-ம் தேதிக்கு என்று ஏற்கெனவே மெயின்டனன்ஸ் குறித்திருந்தார்கள், விஷயம் முன்கூட்டியே கசிந்துவிட்டதால் 3-ம் தேதியே மிச்சமிருந்த விஎம்களைத் தாங்களாகவே ரீபூட் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். கூகுளோ லைவ் மைகிரேஷன் மூலமே ஹோஸ்ட்களை பேட்ச் செய்து முடித்துவிட்டதாகச் சொன்னது, யாருடைய விஎம்மையும் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் 2014 செப்டம்பர் கடைசியில் விஎம்களை ஓட்டும் மென்பொருளான ஸென் ஹைப்பர்வைசரில் எக்ஸ்எஸ்ஏ-108 என்ற ஓட்டை வந்தபோது அமேசான் தன் விஎம் சேவையான இசி2-வின் மெஷின்களில் பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவானவற்றைச் சில நாட்களுக்குள் ரீபூட் செய்ய வேண்டியிருந்தது. வழக்கமாகக் கிடைக்கும் நாள் மாற்றும் வசதியெல்லாம் அப்போது கிடையாது.

இதைப் படித்துவிட்டு 'அப்போ கூகுள்தான் பெஸ்ட்' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். லைவ் மைகிரேஷன் காப்பாற்றுவது ஹோஸ்டை மட்டும்தான். மெல்ட்டவுனுக்கு விஎம்முக்குள் இருக்கும் கெர்னலையும் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) பேட்ச் செய்ய வேண்டியிருந்தது, அது கூகுளில் ஓடினாலும் நம் வேலைதான், அதற்கு ரீபூட்டும் நாம்தான் செய்ய வேண்டும். ஹோஸ்ட் நகர்ந்து நகர்ந்து பல மாதங்கள் ரீபூட்டே ஆகாத விஎம்மைப் பார்த்துப் பெருமைப்படுகிறவர்கள், அதற்குள்ளே எத்தனை பழைய கெர்னல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்த ஒரு கண நிறுத்தம். வெப் சர்வருக்கு அது பொருட்டே இல்லை, யாரோ ஒருவருக்குப் பக்கம் கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், அவ்வளவுதான். பல மெஷின்கள் ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் கிளஸ்டர்களுக்கு அப்படி இல்லை. அஷூரில் மெமரியை அப்படியே வைத்துக்கொண்டு விஎம்மை நிறுத்திவைக்கும் வகை மெயின்டனன்ஸ் ஒன்று உண்டு, பெரும்பாலும் பத்து விநாடிக்குள் முடிந்துவிடும் என்கிறார்கள். கிளஸ்டர்களில் தகவல் சேமிக்கும் இடிசிடி என்ற மென்பொருளின் டிஃபால்ட் எலெக்ஷன் டைம்அவுட், அதாவது லீடரிடமிருந்து சத்தம் வராவிட்டால் மற்றவை காத்திருக்கும் நேரம், 1000 மில்லிவிநாடி. லீடராக இருக்கும் நோட் (கிளஸ்டரில் ஒரு மெஷின்) சில விநாடி உறைந்தால் மற்றவை அது செத்துவிட்டதாக முடிவுசெய்து புது லீடரைத் தேர்ந்தெடுத்துவிடும். ஒரு மெஷின் விழுந்தால் வேலையை இன்னொன்றுக்கு மாற்றும் பேஸ்மேக்கர் கிளஸ்டர் என்றால் இன்னும் மோசம், உறைந்த நோடைப் பக்கத்து நோட் ஃபென்ஸ் செய்து, அதாவது ஒதுக்கிவைத்து, ரீபூட்டே பண்ணிவிடும், பத்து விநாடி வேலை முழு ஃபெயிலோவராக முடியும். அதனால்தான் அஷூரில் எஸ்ஏபி (நிறுவன நிர்வாக மென்பொருள்) கிளஸ்டர் வைப்பவர்களுக்கு, நோட்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் கோரோசிங்க்கின் டோக்கன் டைம்அவுட்டை 30000 மில்லிவிநாடிக்கு ஏற்றச் சொல்லி மைக்ரோசாஃப்ட்டே எழுதி வைத்திருக்கிறது. வேறு இடத்திலிருந்து கிளஸ்டர் கான்ஃபிகை அப்படியே கொண்டுவந்து கிளவுடில் போட்டிருக்கிறீர்கள் என்றால் இந்த ஒரு எண்ணை இன்றைக்கே திறந்து பாருங்கள்.

ஜிபியு விஎம்களுக்கு கூகுளில் லைவ் மைகிரேஷன் கிடையாது, ஒரு மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டு நிறுத்திவிடும். மாடல் டிரெய்னிங் ஓட்டுகிறவர்கள் செக்பாயின்ட் (இடையில் சேமித்த நிலை) எழுதி வைக்காவிட்டால் அதுவரை ஓடியதெல்லாம் போச்சு. அங்கே சாதாரண விஎம்களுக்கு, விஎம் உள்ளிருந்தே கேட்டுப் பார்க்கும் மெட்டாடேட்டா வழியாக வரும் முன்னறிவிப்பு 60 விநாடிதான். அஷூரில் 169.254.169.254 என்ற முகவரியைக் கேட்டுக்கொண்டே இருந்தால் உறையவைப்பதற்கும் ரீபூட்டுக்கும் கால் மணி நேரம் முன்னால் சொல்லும், அந்த நேரத்துக்குள் டிராஃபிக்கைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சரிலிருந்து மெஷினைக் கழற்றிவிடலாம். இந்த முகவரியைக் கேட்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இல்லாமல் 'கிளவுட் சொல்லவே இல்லை' என்று புலம்புவதில் நியாயம் இல்லை.

இரண்டாவது வழி, நேரம் குறித்து நிறுத்துவது. பழைய பாணி என்று இதை ஒதுக்குகிறார்கள், எனக்கு இதன் மேல் மரியாதை அதிகம். ஐஆர்சிடிசி தினமும் நள்ளிரவை ஒட்டிக் கொஞ்ச நேரம் டிக்கெட் தராது, அது ஊருக்கே தெரியும், அதற்காக யாரும் கோபப்படுவதில்லை. அமேசானில் இசி2-க்கு ஷெட்யூல்டு ஈவென்ட் வந்தால் பெரும்பாலும் கணிசமான நாட்கள் முன்னால் மெயில் வந்துவிடும், சிலவற்றின் தேதியை மாற்றலாம். வாரத்தில் எந்தெந்த நேரம் உங்களுக்கு வசதி என்று ஈவென்ட் விண்டோவும் குறித்து வைக்கலாம், ஒவ்வொரு துண்டும் குறைந்தது இரண்டு மணி நேரம், வாரத்துக்கு மொத்தம் குறைந்தது நான்கு மணி நேரம் கொடுக்க வேண்டும்.

இதில் மாட்டிக்கொள்கிற இடம் நேரக் கணக்கு. அந்த விண்டோவை யூடிசியில்தான் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும் உலகப் பொது நேரம்) கொடுக்க வேண்டும், அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸின் விண்டோவும் அப்படியே. ஞாயிறு அதிகாலை இரண்டு மணி நமக்கு வேண்டுமென்றால் அங்கே எழுத வேண்டியது சனிக்கிழமை 20:30. கிழமையும் மாறுகிறது, கவனியுங்கள். ஞாயிறு 02:00 என்று அப்படியே போட்டால் நம் ஊரில் காலை ஏழரை மணிக்கு மெஷின் படுக்கும். பால், பூ, காய்கறி டெலிவரி செய்கிற ஆப்புக்கு அதுதான் உச்ச நேரம். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்கிற டீம் என்றால் கணக்கே தலைகீழ். நம் அதிகாலை இரண்டு மணி என்பது கோடையில் நியூயார்க்கில் முந்தின நாள் மாலை நாலரை, அங்கே வேலை நாள் என்றால் அவர்கள் ஆபீசில் இருக்கிற நேரம். அவர்களுக்குச் சரியான வேளை நம் ஞாயிறு மதியம் பன்னிரண்டரை, அப்போது அங்கே கோடையில் அதிகாலை மூன்று, குளிர்காலத்தில் இரண்டு. பெங்களூர் டீம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் சாப்பாட்டுக்கு முன்னால் வேலையை முடிக்கலாம். ஆனாலும் ராத்திரி வேலை செய்தால்தான் மெயின்டனன்ஸ் என்று நினைக்கிற மேனேஜர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நாளும் முக்கியம். ஜிஎஸ்டி சம்பந்தப்பட்ட சாஃப்ட்வேர் என்றால் மாதம் 20-ம் தேதியை ஒட்டி எதையும் தொடாதீர்கள், மாத ரிட்டர்ன் தாக்கல் செய்கிறவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் வருவார்கள். சம்பள சாஃப்ட்வேருக்கு மாதக் கடைசி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டவே வேண்டாம், டீமில் பாதிப் பேர் மடிவாளாவில் ஊருக்கு பஸ் பிடிக்க நின்றுகொண்டிருப்பார்கள், தீபாவளி வாரம் என்றால் சில்க் போர்டு டிராஃபிக்கில் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள், ஹாட்ஸ்பாட் சிக்னலை நம்பி யாரும் டேட்டாபேஸில் கை வைக்க முடியாது.

மெயில் யாருக்குப் போகிறது என்பதும் இந்த வழியின் பலவீனம். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஓசூர்த் தம்பி ஒருவர் சொன்னார்: "அண்ணா, ரீபூட் பத்தி மெயில் வந்திருக்கு, ஆனா வந்த ஐடி எப்பவோ வேலைய விட்டுப் போனவரோடது. மதியானம் ஆர்டர் சிஸ்டம் படுத்தப்புறம்தான் தேடிப் பார்த்தோம்." அக்கவுன்ட் திறந்தவருடைய ஐடியை அப்படியே விட்டுவிட்டால் இதுதான் நடக்கும். குழு முகவரி ஒன்றைப் போட்டு, அதிலிருந்து டீம் சாட்டுக்கும் வரும்படி செய்துவிட வேண்டும்.

இன்னொன்று. அமேசானில் ஹோஸ்டிலேயே பழுது என்று நோட்டீஸ் வந்தால் விஎம்முக்குள் போய் ரீபூட் அடித்துப் பிரயோஜனம் இல்லை, அதே ஹோஸ்டில்தான் எழுந்திருக்கும். ஸ்டாப் செய்து ஸ்டார்ட் செய்தால்தான் வேறு ஹோஸ்டுக்குப் போகும். அப்படிச் செய்யும்போது எலாஸ்டிக் ஐபி (நிரந்தரமாக ஒதுக்கிய முகவரி) இல்லாத பப்ளிக் ஐபி மாறிவிடும், ஹோஸ்டிலேயே இருக்கும் தற்காலிக டிஸ்க்கான இன்ஸ்டன்ஸ் ஸ்டோரில் இருக்கும் டேட்டா அழிந்துவிடும். பார்ட்னர் வங்கியின் ஃபயர்வாலில் அந்தப் பழைய ஐபியைக் கொடுத்திருந்தால் மெஷின் நன்றாக எழுந்தும் பணப் பரிமாற்றம் நடக்காது.

மூன்றாவது வழி, புதிதாக மாற்றுவது. ஸ்டேட் எதுவும் இல்லாத, அதாவது தனக்குள் டேட்டா எதையும் சேமித்து வைக்காத, சர்வர்களுக்கு இதற்கு இணை இல்லை. ஹோஸ்ட் பழுது, ஓஎஸ் பேட்ச், வெர்ஷன் அப்கிரேட் எல்லாமே ஒரே வேலையாகிவிடுகிறது: புது இமேஜ், புது மெஷின், ஹெல்த் செக் பாஸ் ஆனதும் டிராஃபிக், கோளாறு என்றால் பழையதற்கே திரும்பிவிடலாம். நேரத்தையும் முழுக்க நாம்தான் குறிக்கிறோம், பட்டப்பகலில் செய்யலாம். சில மணி நேரம் இரட்டை வாடகை கொடுக்க வேண்டும், அது ராத்திரி கண்விழிப்பை விட மலிவுதான்.

ஆப்களைப் பல மெஷின்களில் ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் இந்த வழியைத் தன் வழக்கமாகவே வைத்திருக்கிறது, ஆனால் அங்கே அப்கிரேட் நம் இஷ்டத்துக்குக் காத்திருக்காது. வருடத்துக்கு மூன்று வெர்ஷன் வருகிறது. அமேசானின் குபர்நெட்டீஸ் சேவையான இகேஎஸ்ஸில் ஒரு வெர்ஷனுக்கு 14 மாதம் சாதாரண ஆதரவு, அதற்கு மேல் இழுத்தால் கிளஸ்டருக்கு மணிக்கு 0.10 டாலர் என்பது 0.60 டாலர் ஆகிவிடும். தள்ளிப்போட்டுப் பிறகு ஒரே தாவலாகவும் போக முடியாது, கிளஸ்டரை இயக்கும் கண்ட்ரோல் பிளேனை ஒவ்வொரு மைனர் வெர்ஷனாகத்தான் ஏற்ற வேண்டும். ஒரே ஒரு ரெப்ளிகா (ஆப்பின் ஓடும் நகல்) வைத்துக்கொண்டு, எத்தனை நகல் குறையலாம் என்று சொல்லும் பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட்டில் குறைந்தது ஒன்று எப்போதும் இருக்க வேண்டும் என்று எழுதினால் நோட் டிரெயின், அதாவது மெஷினைக் காலி செய்யும் வேலை, அங்கேயே நின்றுவிடும். கூகுளின் குபர்நெட்டீஸ் சேவையான ஜிகேஇ ஒரு மணி நேரம் வரை அதை மதித்துவிட்டு அப்புறம் அந்த ரெப்ளிகாவையே தூக்கிவிடும்.

டேட்டாபேஸில்தான் மூன்றாவது வழிக்கு மூச்சு வாங்குகிறது. மல்டி-ஏஇசட் (வேறு டேட்டா சென்டரில் ஸ்டாண்ட்பை என்ற மாற்று நகல்) போட்டிருக்கிறோம், கவலை இல்லை என்று நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓஎஸ் பேட்ச் வரை அது சரி: முதலில் ஸ்டாண்ட்பையைச் சரிசெய்து, அதற்கு மாறி, அப்புறம் பழைய பிரைமரியைப் பார்ப்பார்கள். ஆர்டிஎஸ்ஸில் மைஎஸ்க்யூஎல் வெர்ஷன் அப்கிரேட் என்றால் பிரைமரி, ஸ்டாண்ட்பை இரண்டையும் ஒரே நேரத்தில் அப்கிரேட் செய்வார்கள், முடியும் வரை டேட்டாபேஸ் இல்லை. இதற்கு 2022 நவம்பரில் வந்த ப்ளூ-கிரீன் டெப்ளாய்மென்ட் நல்ல தீர்வு. பக்கத்தில் ஒரு நகல் எழுந்து ரெப்ளிகேஷனில் கூடவே வரும், அதில் புது வெர்ஷனைப் போட்டுச் சோதித்துவிட்டு மாற்றினால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடியும், ஆப் போய் இணையும் எண்ட்பாயின்ட் பெயரும் மாறாது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: மாறிய பிறகு பழையது புதிதாக எழுதப்படும் டேட்டாவை வாங்கிக்கொண்டிருக்காது, இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பிப் போக நினைத்தால் அந்த இரண்டு மணி நேர ஆர்டர்கள் பழையதில் இருக்காது. சோதனையை மாற்றுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

சொந்த டேட்டா சென்டரில் விஎம்களை ஓட்ட விஎம்வேர் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு முதல் வழி 2003-லிருந்தே வீமோஷனாக இருக்கிறது. ஒரு ஹோஸ்டைக் காலி செய்தால் மற்றவை அந்தச் சுமையைத் தாங்க வேண்டும், அதற்கு இடம் விட்டு வாங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் தேர்வு இதுதான்: ஆப் சர்வர்கள் எல்லாம் மூன்றாவது வழி, யோசிக்கவே வேண்டாம். டேட்டாபேஸ் வெர்ஷனுக்கு ப்ளூ-கிரீன், அதன் சின்னப் பேட்ச்களுக்குக் குறித்த விண்டோ. கிளஸ்டர்களுக்கு டைம்அவுட்டைச் சரிசெய்துவிட்டு முதல் வழி. மிச்சம் இருப்பது, எல்லா கம்பெனியிலும் ஒன்று இருக்குமே, யாரும் ரீபூட் செய்யப் பயப்படுகிற அந்தப் பழைய விஎம். கிளவுடிலிருந்து மெயில் வருவதற்கு முன்னால் நீங்களே ஒரு ஞாயிறு மதியம் பேக்கப் எடுத்துவிட்டு, ஆட்களை வைத்துக்கொண்டு, அதை ஸ்டாப் செய்து ஸ்டார்ட் செய்யுங்கள். எந்த சர்வீஸ் தானாக எழவில்லை, எந்த டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை, எந்த ஐபி மாறியது என்று எழுதுங்கள். அந்தப் பட்டியல் காலியாகும் வரை அதை இரண்டாவது வழியிலேயே வைத்திருங்கள், மூன்றாவதற்கு அப்புறம் போகலாம்.